கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, பழையபடி புத்தகமும் கையுமாக உட்கார ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். மனசுக்கு நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு வேலைதான் கொஞ்சம் அதிகம். ராத்திரி படுக்கப் போகும் முன் கிடைக்கிற நேரம்தான் வாசிப்புக்கு. அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

இப்போது என்னடா வாசிக்கிறாய் என்று கேட்டிருக்கிறாய். கேட்ட கையோடு இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். காமிக்ஸையெல்லாம் நீ விட்டுவிட்டாயாம். அதில் எல்லாவற்றையும் வரைந்தே காட்டிவிடுகிறார்களாம், கற்பனைக்கு ஒன்றுமே மிச்சம் வைப்பதில்லையாம், நாவல் படித்தால்தான் மனசு வேலை செய்கிறதாம். சேகர், இதற்குப் பதில் சொல்லாமல் எனக்கு வேறு எதையும் எழுத ஓடவில்லை. கொஞ்ச நாளாக நான் நாவலும் காமிக்ஸுமாக மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தோன்றுவது நீ சொல்வதற்கு நேர்மாறாக இருக்கிறது. நல்ல காமிக்ஸில் காட்டுவது கொஞ்சம், காட்டாமல் விடுவதுதான் அதிகம்.

ஸ்காட் மெக்லவுட் என்று ஒருவர், காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதையே காமிக்ஸாக வரைந்து 1993இல் ஒரு புத்தகம் போட்டார். ‘அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்’ என்று பெயர். அதில் இரண்டு கட்டங்கள் வரும். முதல் கட்டத்தில் ஒருவன் இன்னொருவன் மேல் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் ராத்திரி நேரத்து நகரம், வானத்தில் ஒரு அலறல். அவ்வளவுதான். கோடரி இறங்கியதை அவர் வரையவே இல்லை. வெட்டு எங்கே விழுந்தது, விழுந்தவன் எப்படி விழுந்தான் எல்லாம் நம் தலைக்குள்தான் நடக்கிறது. அந்தக் கொலையில் வாசகனுக்கும் பங்கு இருக்கிறது என்கிறார் மெக்லவுட். இரண்டு கட்டங்களுக்கு நடுவே விரற்கடை அகலத்துக்கு வெள்ளையாக ஓர் இடம் விடுகிறார்களே, அதற்குள் நம்மைத்தான் உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள்.

சரி, இது பாடம். இதை நடைமுறையில் பார்க்க வேண்டுமென்றால் ‘மௌஸ்’ படிக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் சொல்கிற புத்தகங்களில் நீ ஒன்றே ஒன்றைத்தான் படிப்பாய் என்றால் இதைப் படி. ஆர்ட் ஸ்பீகல்மேன் எழுதி வரைந்தது. அவருடைய அப்பா விளாடெக் போலந்து நாட்டு யூதர். ஆஷ்விட்ஸ் வதைமுகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். மகன் அப்பாவின் எதிரில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, வருஷக்கணக்கில் வரைந்திருக்கிறார். 1992இல் இதற்குப் புலிட்சர் சிறப்புப் பரிசு கொடுத்தார்கள். யூதர்களுக்கு எலி முகம், ஜெர்மானியர்களுக்குப் பூனை முகம், போலந்துக்காரர்களுக்குப் பன்றி முகம். கேட்டால் குழந்தைகள் சமாச்சாரம் மாதிரித் தெரியும். புத்தகத்தைத் திறந்து பார், அந்த நினைப்பு சில பக்கங்களிலேயே போய்விடும்.

ஆரம்பத்தில் அப்பா ஓர் உடற்பயிற்சி சைக்கிளில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே பேசுகிறார். தன் இளமைக் காலத்தைச் சொல்கிறார், சாதாரணப் பேச்சு. கைப்பிடியைப் பிடித்திருக்கிற அவர் கையில் முகாமில் பச்சை குத்திய எண் தெரிகிறது. அதைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. மகன் கேட்கவில்லை, அப்பா சொல்லவில்லை. நாவலாசிரியர் என்றால் அதை ஒரு வாக்கியத்திலாவது எழுதியாக வேண்டும், எழுதினால் நம் கண் அங்கே போய் நின்றுவிடும். இங்கே படம் சும்மா இருக்கிறது. பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று விட்டுவிடுகிறார்.

இன்னொரு இடம். ஒளிந்திருந்த இடத்திலிருந்து தப்பி வந்த விளாடெக்கும் மனைவி ஆன்யாவும் போக்கிடம் இல்லாமல் சாலையில் நடக்கிறார்கள். முதுகு காட்டி நிற்கிற இரண்டு சின்ன உருவங்கள், எதிரே பாதை பிரிகிறது. பாதை பிரிகிற விதத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் தெரியும், அது ஸ்வஸ்திகா. நாஜிச் சின்னமே அவர்களுக்குச் சாலையாகக் கிடக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அதற்குள்தான் நடக்க வேண்டும். கதையின் வேகத்தில் பக்கத்தைப் புரட்டினால் இது கண்ணில் படாமலே போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், காமிக்ஸை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். முதல் தடவை கதைக்காக. இரண்டாவது தடவை வசனத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் வாசிக்க வேண்டும். நாமெல்லாம் இந்த இரண்டாவது வாசிப்பைச் செய்யாமலே காமிக்ஸைப் பற்றித் தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்.

இப்போது உன் பேச்சுக்கே வருகிறேன். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை எனக்கு முதலில் கொடுத்தது நீதான். போன மாதம் அதை மறுபடி எடுத்தேன். இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகு, நிஜாமின் ஹைதராபாத் இந்தியாவோடு சேராமல் நின்ற அந்த ஒரு வருஷம். சந்திரசேகரன் என்கிற பையனுக்குக் கல்லூரி இருக்கிறது, கிரிக்கெட் இருக்கிறது. நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள், அகதிகள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருவது எல்லாம் அவன் தெருவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நுழைகிறது. ஆசிரியர் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. கடைசிப் பக்கங்கள் உனக்கே தெரியும். தன் குடும்பத்தை விட்டுவிடச் சொல்லி அந்தப் பெண் அவன் முன்னால் வந்து நிற்கிறாளே, அந்த இடம். வேறு யாராவது எழுதியிருந்தால் அங்கே பக்கம் பக்கமாக உணர்ச்சி கொட்டியிருப்பார்கள். இவர் நடந்ததை மட்டும் எழுதுகிறார். அவன் ஓடுகிறான், நாவல் முடிந்துவிடுகிறது. அவனுக்குள் என்ன உடைந்தது என்பதை நாம்தான் சுமந்துகொண்டு திரிகிறோம்.

அதை முடித்த சூட்டோடு மர்ஜான் சத்ரபியின் ‘பெர்செபோலிஸ்’ எடுத்தேன். ஈரானில் பிறந்து வளர்ந்தவர். 1979 புரட்சியையும் அதன் பிறகு வந்த ஈராக் யுத்தத்தையும் தெஹ்ரானில் இருந்த ஒரு சிறுமியின் கண்ணால் சொல்கிற சுயசரிதை. பிரெஞ்சில் 2000த்திலிருந்து 2003 வரை நான்கு பாகங்களாக வந்தது. முழுக்கக் கறுப்பு வெள்ளை. சாம்பல் நிறம்கூடக் கிடையாது. கோடுகள் அவ்வளவு எளிமை, சின்னப் பிள்ளை நோட்டில் வரைந்த மாதிரி. இந்த எளிமைதான் பெரிய சாமர்த்தியம். முகத்தில் விவரம் குறையக் குறைய அந்தச் சிறுமி தூரத்து நாட்டுப் பெண்ணாக இல்லாமல் நமக்குத் தெரிந்த பிள்ளையாகிவிடுகிறாள்.

அதில் ஒரு பக்கம். அந்தச் சிறுமி மார்ஜி கடைக்குப் போயிருக்கிறாள். அவர்கள் பகுதியில் ஏவுகணை விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டு வீட்டுக்கு ஓடி வருகிறாள். அவள் வீடு தப்பித்திருக்கிறது, பக்கத்து வீடு போய்விட்டது. அங்கே தான் அவள் தோழி இருந்தாள். அம்மா அவளை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போகும்போது இடிபாட்டுக்குள் தோழியின் வளையல் தெரிகிறது. வளையல் மட்டும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. கையால் வாயைப் பொத்துகிறாள். கண்களை மூடிக்கொள்கிறாள். அடுத்த கட்டம் முழுக்கக் கறுப்பு. உள்ளே ஒரு கோடு கிடையாது.

சேகர், எல்லாவற்றையும் வரைந்தே காட்டிவிடுகிறார்கள் என்றாயே, அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துவிட்டு அதைச் சொல். அசோகமித்திரன் வாக்கியத்தை நிறுத்திக்கொள்கிற இடத்தில்தான் சத்ரபி பேனாவை நிறுத்திக்கொள்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே நிதானம். அடுத்தடுத்து வாசித்ததில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். நீயும் அப்படியே அடுத்தடுத்துப் படித்துப் பார்.

என் பேச்சுக்கு எதிராக நிற்கிற புத்தகம் ஒன்றும் இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கெய்ஜி நாகசவாவின் ‘பேர்ஃபுட் கென்’. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. பள்ளிக்கூடச் சுவர் மறைத்ததால் பிழைத்தார். அப்பா, அக்கா, தம்பி மூன்று பேரும் அன்றைக்கே போய்விட்டார்கள். 1973இல் இதை அவர் தொடராக வரைய ஆரம்பித்தது பையன்கள் வாசிக்கிற ஒரு வாரப் பத்திரிகையில். அவர் எதையும் விட்டுவைப்பதில்லை. தோல் உரிந்து தொங்க நடந்து வருகிறவர்களையும், இடிந்த வீட்டுக்கடியில் மாட்டிக்கொண்டவர்களைத் தூக்கி எடுக்க முடியாமல் அம்மா கதறுவதையும் பக்கம் பக்கமாக வரைகிறார். நிதானம், அடக்கம் என்றெல்லாம் நான் சொன்னது இங்கே செல்லாது. அந்தத் தெருவில் நின்றவர் அவர். காட்டியே தீர வேண்டும் என்று அவர் நினைத்ததை எந்த இலக்கணத்தை வைத்தும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே மூச்சில் படிக்க முடியாது. மூடி வைத்துவிட்டு மறுநாள் எடுக்க வேண்டியிருந்தது.

மனசு கனத்துப்போனால் திரும்பிப் போக நமக்கென்று ஒரு இடம் இருக்கவே இருக்கிறது. கௌபாய்க் கதை நாயகன் கேப்டன் டைகரின் ‘மின்னும் மரணம்’ தொகுப்பை மறுபடி எடுத்துப் புரட்டினேன். ழான் ஜிரோ வரைந்த பாலைவனங்களைச் சின்ன வயதில் நாம் துப்பாக்கிச் சண்டைக்கு நடுவே கிடக்கிற வெற்றிடமாகத்தான் தாண்டிப் போயிருப்போம். இப்போது சண்டையை விட்டுவிட்டு வானத்தையும் பாறையையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, குதிரை எவ்வளவு களைத்திருக்கிறது என்பதுகூடத் தெரிகிறது. இதே மனிதர்தான் மோபியஸ் என்ற இன்னொரு பெயரில் விஞ்ஞானக் கற்பனை உலகங்களை வேறொரு கை வரைந்த மாதிரி வரைந்தார். இரும்புக்கை மாயாவியையும் விடவில்லை. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தாரே, அவர்தான். ஆள் மறைந்து கை மட்டும் தெரியும்போது ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ அந்த ஒற்றைக் கையை வைத்தே கோபத்தையும் பதற்றத்தையும் காட்டிவிடுகிறார். இதிலும் ஆள் இல்லாத இடத்தில் நாம்தான் ஆளை நிற்க வைக்கிறோம், கவனித்தாயா?

பெரிய நாவல் ஒன்றையும் ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன். பாத்திரங்கள் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். அதைப் பற்றி எழுதி உன் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

அப்புறம் உன் பெண் விஷயம். எப்போது பார்த்தாலும் மங்கா என்கிற ஜப்பானியக் காமிக்ஸிலேயே மூழ்கிக் கிடக்கிறாள், நல்ல புத்தகம் எதையும் தொடுவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். தயவுசெய்து தடுக்காதே. அவள் வாசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். வலமிருந்து இடமாக ஓடுகிற பக்கத்தைச் சரளமாகப் பிடித்துக்கொண்டு போகிறாள் என்றால் அது லேசான காரியம் இல்லை, உனக்கும் எனக்கும் பழக நாளாகும். ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படி வாசிப்பது என்று அவளிடமே கேட்டுக்கொள். பிள்ளைகளுக்கு நாம் கேட்பது ரொம்பப் பிடிக்கும். அவளுக்கு ஒசாமு தெசுகாவின் ‘புத்தா’வைக் கொடுக்கலாம். டாக்டருக்குப் படித்துக்கொண்டே காமிக்ஸ் வரைய ஆரம்பித்த மனிதர். 1972இலிருந்து 1983 வரை புத்தரின் வாழ்க்கையை வரைந்தார். சிரிப்பும் சண்டையும் தத்துவமும் ஒரே பக்கத்தில் வரும். சில இடங்கள் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கானவை, நீ முதலில் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கொடு. ‘பேர்ஃபுட் கென்’ இன்னும் சில வருஷம் போகட்டும்.

அவளோடு சேர்ந்து நீயும் படிக்க வேண்டியது ‘திபெத்தில் டின்டின்’. புத்தகமாக வந்தது 1960இல். அதில் வில்லனே கிடையாது. விமான விபத்தில் செத்துவிட்டதாக எல்லோரும் சொல்கிற நண்பன் சாங் உயிரோடு இருக்கிறான் என்று டின்டின் நம்புகிறான், பனிமலையில் ஏறித் தேடுகிறான். கதை முழுக்க அவ்வளவுதான். இதை எழுதி வரைந்த எர்ஜேவுக்கு நிஜத்திலும் சாங் என்றொரு சீன நண்பர் இருந்தார். 1934இல் பழகியவர், பிறகு பல வருஷங்கள் தொடர்பே இல்லாமல் போய்விட்டது. புத்தகம் வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1981இல்தான் இருவரும் மறுபடி சந்தித்தார்கள். அந்தப் பனிப் பக்கங்களில் எவ்வளவு வெள்ளையை வரையாமலே விட்டிருக்கிறார் என்று பார். உன் பெண்ணிடமும் காட்டு, அவள் உன்னைவிட நிறையக் கண்டுபிடிப்பாள்.

‘மௌஸ்’ என்னிடம் இருக்கிறது, இந்த வாரமே அனுப்பிவைக்கிறேன். பென்சில் குறிப்புகள் இருக்கும், பொறுத்துக்கொள். முதல் வாசிப்பில் அவற்றைப் பார்க்காதே. படித்துவிட்டு, இன்னமும் நீ சொன்னதுதான் சரி என்று தோன்றினால் விவரமாக எழுது, எந்தப் பக்கம் என்றும் குறிப்பிடு. நானும் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். பதிலுக்கு, நீ இப்போது படித்துக்கொண்டிருக்கிற சிறுகதைத் தொகுப்பை முடித்ததும் எனக்கு அனுப்பு. அதைப் பற்றி இரண்டு வரியோடு நிறுத்திக்கொண்டாய், அது எனக்குப் போதவில்லை.

அன்புடன்,
பாலு