கல்ஓயாவில் இறக்கி விடாத ஒரு பகல் ரயில்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ரயில் பயணத்தின் பழைய கதையும் எதிர்காலமும் பற்றி நீங்கள் போட்ட கட்டுரையை வாசித்தேன். 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடிய முதல் ரயில், கோப்பி ஏற்றக் கண்டிக்குப் போட்ட பாதை, 1956இல் வந்த யாழ்தேவி, கடைசியில் அதிவேக ரயில் கனவு. எல்லாம் சரி, திருகோணமலை எங்கே? ஒரு வரி கூட இல்லையே. இங்கேயிருந்து கொழும்புக்கு நேரே போகிற பகல் ரயில் ஒன்று வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

வடக்கே காங்கேசன்துறைக்கு 1905இலேயே ரயில் போய்விட்டது. எங்களுக்கு வந்தது 1927இல். இங்கே கோப்பியும் இல்லை, தேயிலையும் இல்லை, துறைமுகம்தான் இருந்தது, அதனாலோ என்னவோ இந்தப் பாதையில் ஆட்களை விடச் சாமானுக்குத்தான் என்றைக்கும் மதிப்பு. இன்றைக்கும் திருமலையின் எதிர்காலம் என்று யார் பேச வந்தாலும் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் தொடங்கித் துறைமுகத்தில் முடித்துவிடுவார்கள். 2023இல் இந்தியாவும் இலங்கையும் சேர்ந்து வெளியிட்ட ஆவணத்தில் கூட, இந்தியாவிலிருந்து தரைவழியாகத் திருகோணமலைத் துறைமுகத்துக்கு வருவது பற்றி இருக்கிறது. வரட்டும், நல்லது. ஆனால் இங்கேயிருந்து கொழும்புக்குக் கிளினிக் போகிற மனுசன் எப்படிப் போவது?

இப்போதைக்கு இப்படித்தான். மாறாமல் நேரே போக வேண்டுமென்றால் இரவு மெயில் ரயில். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடும்போது விடிந்திருக்காது, பிறகு வெளிச்சம் வரும்வரை பையை அணைத்துக்கொண்டு வாங்கில் இருக்க வேண்டும். பகலில் போவதென்றால் கல்ஓயா சந்தியில் இறங்கி, மட்டக்களப்பிலிருந்து வருகிற ரயிலுக்குக் காத்திருந்து ஏற வேண்டும். அது வரும்போதே நிரம்பித்தான் வரும். முழங்கால் நோவோடு ஒரு அம்மா அந்த உயரப் படியில் ஏற, பின்னால் ஒருவர் பெட்டியைத் தூக்கிக் கொடுக்க, உள்ளே இடம் தேடி நாலு பெட்டி நடக்க... இதை ஒருமுறை பார்த்தவர்கள் அதிவேக ரயில் பற்றி இவ்வளவு உற்சாகமாக எழுத மாட்டார்கள்.

பாதை ஒன்றும் மோசமில்லை, அதையும் சொல்ல வேண்டும். தம்பலகாமத்து வயலுக்குள்ளால் காலையில் போகிற அழகை எந்த பஸ்ஸும் தராது. சின்ன ஸ்டேஷனில் மாஸ்டர் பெரிய வளையத்தை நீட்டிப் பிடிக்க, எஞ்சினில் இருப்பவர் ஓட்டத்திலேயே அதைக் கையில் மாட்டிக்கொள்வார். ஒற்றைத் தடத்தில் எதிரே வேறு ரயில் வராது என்பதற்கு அந்த வளையத்தோடு வருகிற டப்லட் என்ற உலோகத் தட்டுத்தான் உத்தரவாதம். வெள்ளைக்காரன் காலத்து முறை, ஆனாலும் வேலை செய்கிறது.

பகல் ரயில் கேட்பதற்கு இன்னொரு காரணம் யானை. 2025 பெப்ரவரியில் ஹபரணைக்குப் பக்கத்தில் மட்டக்களப்புப் பாதை ரயில் மோதி ஒரே இரவில் 6 யானைகள் செத்தன. அதற்குப் பிறகு நேர அட்டவணையையும் மாற்றினார்கள். எங்கள் மெயிலும் அந்தக் காட்டு வழியாகத்தான், அதுவும் இருட்டில்தான் ஓடுகிறது. பகலிலென்றால் சாரதிக்குத் தூரத்திலேயே கண் தெரியும், இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

எல்லாவற்றுக்கும் ரயில்தான் வேண்டும் என்று நான் அடம் பிடிக்கவில்லை. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு மட்டக்களப்புக்கு மூதூர் வழியாக பஸ்ஸில் போவதுதான் புத்தி, கல்ஓயா சுற்றிக் கோச்சியில் போக யாருக்குப் பொறுமை இருக்கிறது? யாழ்ப்பாணத்துக்கும் அப்படித்தான், மாகோ சந்தி வரை கீழே போய்த் திரும்ப மேலே ஏறுவதற்குள் வவுனியா பஸ் போய்ச் சேர்ந்துவிடும். கொழும்புக்குத்தான் கேட்கிறேன்.

2025 ஏப்ரலில் மாகோவிலிருந்து ஓமந்தை வரை 128 கிலோமீற்றர் பாதையைப் புதுப்பித்துத் திறந்து வைத்தார்கள். வடக்குக்கு நல்ல காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் மாகோவில்தான் எங்கள் பாதையும் பிரிகிறது, அங்கே வரை வந்த பணம் வலப்பக்கம் திரும்பவில்லை.

புதுத் தண்டவாளம் கூட வேண்டாம். இருக்கிற தடத்தில் காலையில் திருமலையில் புறப்பட்டு, கல்ஓயாவில் ஆட்களை இறக்காமல், பின்நேரம் கோட்டைக்குப் போய்ச் சேர்கிற ஒரு ரயில், மறுநாள் அதே திரும்பி வரட்டும். நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களும் வான் வண்டியை விட்டு இதில் ஏறுவார்கள்.

அடுத்த கட்டுரைக்கு முன் உங்கள் நிருபர் ஒருவரைக் கோட்டையிலிருந்து பகலில் இங்கே அனுப்பிப் பாருங்கள், ரிக்கற் காசு பெரிதாக வராது. கல்ஓயாவில் எவ்வளவு நேரம் நின்றார் என்பதை மட்டும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உவர்மலை வாசகர் ஒருவர்,
திருகோணமலை