அந்த ஒரு வரியை எனக்காகச் சொன்னவர்களுக்கு

கடலூரில் என் சபை மக்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும், பெயர் தெரியாத ஓர் ஆட்டோ அண்ணனுக்கும் ஸ்தோத்திரம்.

காணிக்கைக் கவரின் மேல் எல்லாரையும் போல "கர்த்தர் செய்த நன்மைகளுக்காக" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் போன ஞாயிறு பேனாவை எடுத்தேன். கை ஓடவில்லை. கர்த்தர் எனக்குச் செய்த ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு முகம் இருக்கிறது. அந்த முகங்களைச் சொல்லாமல் கவரை ஒட்ட மனசு வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

எட்டு வருஷம் பாண்டிச்சேரியில் குடும்பம் நடத்தினேன். அதை இங்கே விரிக்கப்போவதில்லை. என் மகள் ஒருநாள் இதைப் படிப்பாள். அடியும் இருந்தது, அடியைவிட ஆழமாக இறங்கிய வார்த்தைகளும் இருந்தன. அவ்வளவு போதும். ஒரு ராத்திரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கையில் ஒரு பையோடு கடலூர் பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பார்க்கிறேன், வீட்டுச் சாவிக்கொத்து என் கையிலேயே இருக்கிறது. இறுக்கிப் பிடித்திருந்ததில் உள்ளங்கையில் அச்சு விழுந்திருந்தது.

அம்மா கதவைத் திறந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றார். அண்ணி அன்றைக்கே தன் அறையை ஒழித்துக் கொடுத்தார். மூன்று வருஷம் கூடத்தில் படுத்தார்கள் அண்ணனும் அண்ணியும், ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. அண்ணா, நீ என் கணவரைப் போய் அடிக்கத் துடித்தாய். நான் கையெடுத்துக் கும்பிட்டதும் திண்ணையில் உட்கார்ந்து அழுதாய். எனக்காக நீ அடக்கிக்கொண்ட கோபத்துக்கும் சேர்த்தே நன்றி.

பக்கத்து பாய் வீட்டு அக்காவைச் சொல்லாமல் எப்படி? நான் படுக்கையை விட்டு எழாத நாட்களில் என் மகளுக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவர்தான். நோன்பு நாளில்கூட எங்கள் வீட்டு அடுப்பில் நின்று எனக்குக் கஞ்சி காய்ச்சினார். "உனக்காக துஆ கேட்டேன்மா" என்பார். அக்கா, அந்த துஆவும் போய்ச் சேர்ந்தது.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம்.

வந்த புதிதில் பலபேர் என்னைத் தேடி வந்து வேதம் சொன்னார்கள். "ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு ஆண்டவர் சொல்லியிருக்கார், நீ போய் அனுசரிச்சு வாழும்மா" என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நினைக்கவில்லை. ஆனால் அந்த வசனம் ஒவ்வொரு முறையும் என்னைப் பிடித்து அந்த வீட்டு வாசலில் தள்ளியது. மன்னிக்க முடியாத நான் விசுவாசியே இல்லையோ என்ற பயம் வேறு. இரண்டு வருஷம் ஆராதனையில் கர்த்தருடைய ஜெபம் வரும்போதெல்லாம், "எங்களுக்கு விரோதமாய்க் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். "சோதனைக்குட்படப்பண்ணாமல்" வரும்போது மறுபடி சேர்ந்துகொள்வேன்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்காருகிற ஐயரம்மாவுக்கு, எங்கள் போதகரின் மனைவிக்கு, தெரிந்திருக்கிறது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போது என் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னார்: "அந்த வரியை உனக்காகவும் சேர்த்து நாங்க சொல்லிக்கிட்டு இருக்கோம்மா. 'எங்கள் பிதாவே'ன்னுதானே ஆரம்பிக்கிறோம், 'என் பிதாவே'ன்னா? உனக்கு வரும்போது நீ சொல்லு." அவ்வளவுதான், போய்விட்டார். நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்குத்தான் எனக்கு முதல் தடவையாக மூச்சு விட்டது போலிருந்தது.

பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கு. நீங்கள் ஒரு வெள்ளிக்கிழமை 1 சாமுவேல் 26-ஆம் அதிகாரத்தை எடுத்தீர்கள். தாவீதைக் கொல்லத் தேடிவந்த ராஜா சவுல் தூங்குகிறான். தலைமாட்டில் ஈட்டியும் தண்ணீர்ச் செம்பும் இருக்கின்றன. தாவீது கொல்லவில்லை, இரண்டையும் எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்க மலையுச்சிக்குப் போய்விடுகிறான். இருவருக்கும் நடுவே நிறைய இடம் இருந்தது என்று வேதம் எழுதி வைத்திருக்கிறது. சவுல் அழைக்கிறான்: "நான் பாவஞ்செய்தேன்; என் குமாரனாகிய தாவீதே, திரும்பிவா." தாவீது திரும்பிப் போனானா? போகவில்லை. ஈட்டி இதோ இருக்கிறது, வாலிபரில் ஒருவன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்கிறான். கடைசி வசனத்தில் தாவீது தன் வழியே போனான், சவுல் தன் இடத்துக்குத் திரும்பினான். சிறு வயதிலிருந்து கேட்ட கதை. அந்த நடுவிலிருந்த இடம் அதுவரை என் கண்ணில் பட்டதே இல்லை. மன்னிக்கிறது வேறு, திரும்பிப் போகிறது வேறு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சட்டத்தின் வழியாகத் துணை நின்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். சம்பவம் நடந்தது பாண்டிச்சேரியில், நான் இருப்பது கடலூரில், அங்கே போய்த்தான் மனு கொடுக்க வேண்டுமோ என்று நடுங்கினேன். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதிக்கப்பட்டவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற ஊர் கோர்ட்டிலேயே கேட்கலாம் என்று எடுத்துச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார் பாதுகாப்பு அலுவலர் அம்மா. பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு என்பதே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரியும். அங்கே கிடைத்த வக்கீல் அம்மா இன்னொன்றும் சொன்னார். கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் முன்பெல்லாம் மனைவிக்குக் கொடுமை மட்டும் காரணமாகப் போதாமல் இருந்தது. கணவனுக்கு வேறு உறவு இருந்ததையும் சேர்த்துக் காட்ட வேண்டியிருந்தது. 2001-ல்தான் அதைத் திருத்தினார்கள். என் ஆயாவை நினைத்துக்கொண்டேன். முதுகில் ஒரு தழும்போடு கடைசி வரை அதே வீட்டில் இருந்து செத்தவள். அவளுக்கு இந்த வாசல் திறந்திருக்கவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் என் கணவரிடமிருந்து கடிதம் வந்தது. தப்பு செய்துவிட்டேன், வந்துவிடு என்று. உண்மையாகவே வருந்தி எழுதியிருக்கலாம். அதை எடைபோடுகிற தராசு என்னிடம் இல்லை. மூன்று நாள் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்கூட முடிக்கவில்லை. நாலாம் நாள் அரிசி டிரம்முக்குள் கையைவிட்டு, இத்தனை வருஷம் அடியில் புதைத்து வைத்திருந்த சாவிக்கொத்தை எடுத்தேன். வாசல் சாவி, பீரோ சாவி, மாடிக்கதவுச் சாவி. ஒட்டியிருந்த தவிட்டை முந்தானையால் துடைத்தேன். கூடவே ஒரு சீட்டு வைத்தேன்: "உங்களை மன்னித்துவிட்டேன். திரும்பி வரமாட்டேன். கோர்ட்டில் உள்ளது அதன் வழியில் நடக்கட்டும். நீங்கள் நன்றாக இருக்க ஜெபிக்கிறேன்." வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவன் அதை பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தான். தம்பி, நீ சுமந்துபோனது என்ன என்று உனக்கு அன்றைக்குத் தெரியாது. இப்போது தெரிந்துகொள்.

அடுத்த ஞாயிறு அந்த வரியை நானும் சொன்னேன். குரல் உடைந்தது. ஐயரம்மா திரும்பிப் பார்க்கவில்லை, என் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். எல்லா வாரமும் முழு மனசோடு வருகிறது என்று சொல்லமாட்டேன். கனவு வந்த மறுநாள் தொண்டையில் நிற்கிறது. அந்த வாரங்களில் முன்பு போலவே எனக்கும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆட்டோ அண்ணா. அந்த ராத்திரி திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எங்கே என்றுகூட சத்தமாகக் கேட்காமல் ஏற்றிக்கொண்டீர்கள். அம்மா கதவைத் திறக்கும் வரை விளக்கை அணைக்காமல் தெருமுனையில் நின்றீர்கள். பையில் காசைத் தேடி எடுத்துத் திரும்பும்போது வண்டியைத் திருப்பிவிட்டீர்கள். உங்கள் வண்டியின் பின்னால் அன்னை வேளாங்கண்ணி படம் ஒட்டியிருந்தது; வேறு எதுவும் எனக்குத் தெரியாது. இதைப் படித்தாலோ யாராவது படித்துச் சொன்னாலோ, ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். மகள் இப்போது ஆறாவது படிக்கிறாள். உங்கள் வாடகையைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.