யானைச் சின்னத்தை யாரும் கழற்றவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுதந்திர தினத்தை ஒட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த சிறப்புக் கட்டுரையில், "படைப்பிரிவுகளின் பழைய சின்னங்களைச் சிப்பாய் முதல் தளபதி வரை எல்லோரும் கழற்றிவிட்டார்கள், ராணுவம் முழுவதற்கும் இனி ஒரே சீருடை" என்று ஒரு வரி இருந்தது. நான் யானையைச் சின்னமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டில் சிப்பாயாகச் சேர்ந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். அந்த வரி பொய். இதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை, மன்னிக்கவும்.

நடந்தது இதுதான். 2023 ஆகஸ்ட் 1 முதல், கர்னலுக்கு அடுத்த மேல்பதவியான பிரிகேடியரும் அதற்கு மேற்பட்ட பதவியில் இருப்பவர்களும் எந்தப் படைப்பிரிவிலிருந்து வந்திருந்தாலும் ஒரே மாதிரியான தொப்பி, தோள்பட்டைப் பதவிச் சின்னம், காலர் பட்டி, பெல்ட், ஷூ அணிகிறார்கள். தோளில் லான்யார்டு கயிறு அணிவதில்லை. அவ்வளவே. கர்னலுக்கும் அவருக்குக் கீழே உள்ள அனைவருக்கும் எந்த மாற்றமும் இல்லை. பிரிகேடியர் ஆனவரின் கீழே மெட்ராஸ்காரனும் இருப்பான், சீக்கியனும் இருப்பான், கூர்க்காவும் இருப்பான். அவர் எல்லோருக்கும் பொதுவானவராகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. பட்டாலியனில் இருப்பவனின் கதை வேறு. அவன் இந்தியில் 'நாம், நமக், நிஷான்' என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவன். பெயரும் உண்ட உப்பும் கொடியும்தான் அவனைக் குண்டுமழையில் எழுந்து ஓட வைக்கின்றன. அவனிடமிருந்து சின்னத்தைப் பறிக்க எந்தத் தளபதியும் உத்தரவு போடவில்லை.

உங்கள் கட்டுரையில் வந்த அதே வாக்கியம் பல வாரங்களுக்கு முன்பே எங்கள் முன்னாள் படைவீரர் வாட்ஸ்ஆப் குழுவில் சுற்றி வந்தது. ஒரு சொல்கூட மாறவில்லை. அங்கே அதைப் பார்த்தவுடன் வதந்தி என்று ஒதுக்கிவிட்டோம். உங்கள் பத்திரிகையில் அச்சானபின் அதை வதந்தி என்று சொன்னால் எங்களை யார் நம்புகிறார்கள்?

எங்கள் ஊர்ப் பள்ளியில் கொடியேற்றத்திற்கு என்னை அழைப்பது வழக்கம். வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, தலையில் பச்சை பெரெட்டும் அதில் ரெஜிமெண்ட் பேட்ஜுமாகப் போவேன். இம்முறை தலைமை ஆசிரியர் என்னைத் தனியே அழைத்து, "ஐயா, இதை இனி யாரும் போடக்கூடாதாமே, பேப்பரிலேயே வந்துவிட்டதே. யாராவது படம் எடுத்துப் போட்டால் உங்களுக்குத்தான் சிக்கல்" என்றார். நல்ல மனிதர், என் மேல் உள்ள அக்கறையில் சொன்னார். படைவீரர் அல்லாத ஒருவர், தம்மைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு வேடமிட்டால்தான் சட்டப்படி குற்றம் என்று எடுத்துச் சொன்னேன். அவர் கையில் உங்கள் ஞாயிறு இணைப்பு இருந்தது. பிள்ளைகள் முன்னால் வாதம் வேண்டாம் என்று பெரெட்டைக் கழற்றிக் கைப்பையில் வைத்துவிட்டு, வெறும் தலையோடு நின்று கொடிக்கு மரியாதை செய்தேன். பணியில் இருந்த காலத்திலோ, அதற்குப் பிறகோ, கொடிக்கு முன்னால் நான் அப்படிக் கூனிக் குறுகி நின்றதில்லை.

என்னோடு பணியாற்றி மறைந்த ஒரு ஹவில்தாரின் மனைவி அதே வாரம் தொலைபேசியில் கேட்டார்: "அண்ணா, அவருடைய பேட்ஜை வீட்டில் வைத்திருந்தால் தப்பா? திருப்பிக் கொடுக்க வேண்டுமா?" அந்தப் பெண்மணிக்கு உங்கள் கட்டுரையாளர் என்ன பதில் வைத்திருக்கிறார்?

அந்த பேட்ஜை ஒருமுறை கையில் வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கேடயத்தின் மேல் ஒரு யானை, குறுக்கே இரண்டு வாள்கள். வெலிங்டன் பயிற்சி மையத்தில் விடியலுக்கு முன் எழுந்து பிராசோ என்ற பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, பழைய பித்தளை பேட்ஜ்களில் யானையின் கண்ணும் தும்பிக்கை மடிப்பும் மழுங்கிப் போயிருக்கும். மழுங்கிய பேட்ஜ் வைத்திருப்பவன்தான் மூத்தவன்.

அது அடிமைக்காலச் சின்னம் என்று கட்டுரை எழுதுகிறது. வரலாறு எங்களுக்கும் தெரியும். 1803-இல் அசாயேயில் மராட்டியப் படைக்கு எதிராகக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பக்கம் நின்று போரிட்டதற்காக மதராஸ் சிப்பாய்களுக்குக் கிடைத்த யானை அது. இந்திய அரசர்களுக்கு எதிராகப் பெற்ற அத்தகைய போர்ச் சிறப்புகளைச் சுதந்திர இந்தியாவின் ராணுவம் கொண்டாடுவதில்லை. ஆனால் யானை தொப்பியிலேயே இருந்தது. 1948-இல் தித்வாலிலும், 1965-இல் காலிதாரிலும் மகாராஜ்கேயிலும், 1971-இல் பசந்தர் நதிக்கரையிலும் எங்கள் பிள்ளைகள் அதை அணிந்துதான் போரிட்டார்கள். அந்தக் களங்களில் சிந்திய ரத்தத்திற்குப் பிறகும் அதைக் கம்பெனிக்காரன் கொடுத்த பொருள் என்று எழுத எப்படி மனம் வருகிறது?

இது முதல் முறையும் அல்ல. 2022 செப்டம்பரில் கொச்சியில் விக்ராந்த் கப்பல் கடற்படையில் சேர்ந்தபோது, கடற்படைக் கொடியிலிருந்து ஆங்கிலேயர் காலத்து ஜார்ஜ் சிலுவை 'முதன்முறையாக' நீக்கப்பட்டது என்று எழுதினீர்கள். 2001-லேயே அது நீக்கப்பட்டது. புதிய கொடியின் நீலச் சின்னம் கடலோடும் வானத்தோடும் கலந்து கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் 2004-இல் சிலுவை திரும்பி வந்தது. இதை விளக்கி அப்போதே கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் இருந்த பலிதான் சின்னத்தைப் பற்றி நாள்தோறும் எழுதினீர்கள். அது பாரா சிறப்புப் படையினருக்கு மட்டுமே உரிய சின்னம் என்று ஒரு வரி எழுதவில்லை. சட்டையில் தேசியக் கொடி இருந்தாலே சிறை என்று உங்கள் கேள்வி-பதில் பகுதியில் வந்தது. 2005-இல் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து உடையில் கொடியை மரியாதையோடு அணியலாம். இடுப்புக்குக் கீழேயும், உள்ளாடை, கைக்குட்டை போன்றவற்றிலும்தான் கூடாது. மத்திய ரிசர்வ் போலீஸ் படையினரின் படத்தைப் போட்டு 'ராணுவ வீரர்கள்' என்று எழுதுவதை நீங்கள் இன்னும் நிறுத்தவில்லை. அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருப்பவர்கள். அவர்களும் உயிரைக் கொடுக்கிறார்கள். அவர்களுடைய பெயரையாவது சரியாகப் போடக்கூடாதா?

ஒரு நடிகரின் சட்டை நிறம் தவறாக அச்சானால் மறுநாளே வருத்தம் தெரிவிக்கிறீர்கள். எங்கள் சீருடையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அச்சேறிவிடுகிறது. சென்னையில் பாதுகாப்புத் துறையின் மக்கள் தொடர்பு அலுவலகம் இருக்கிறது. உங்கள் நிருபர் ஒரு முறை தொலைபேசியில் கேட்டிருந்தால் போதும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், கர்னல் வரையிலான பதவிகளில் இருப்பவர்களின் படைப்பிரிவுச் சின்னங்களில் மாற்றம் எதுவும் இல்லை என்று ஒரு திருத்தம் வெளியிடுங்கள். குடியரசு தினத்திற்கு முன்பாக வந்துவிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
முன்னாள் சுபேதார், மெட்ராஸ் ரெஜிமெண்ட்
வேலூர் மாவட்டம்