காரணம் தெரியாமல் சாமான் மாற்றாதே

பட்டர்வொர்த், பினாங்கு

அன்பு மகனுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்து ஓட்டும் அந்தப் புல்வெட்டி அரை மணி நேரம் நன்றாக ஓடுகிறது, அப்புறம் இருமி இருமி நின்றுவிடுகிறது, ஆறவிட்டால் திரும்ப ஓடுகிறது என்றாய். கடைக்காரர் கார்பரேட்டரை, அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு விடும் பாகத்தை, மாற்றச் சொல்கிறாராம். அவசரப்படாதே ஐயா. காரணம் தெரியாமல் சாமான் வாங்கினால் காசும் போகும், கோளாறும் அப்படியே இருக்கும்.

அடுத்த தடவை நின்றதும் ஆறவிடாதே. அந்த நிமிடமே பெட்ரோல் தொட்டி மூடியை மெதுவாகத் தளர்த்து. பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக்கூடாது. 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் ஸ்டார்ட் ஆனால், மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் பெட்ரோல் எஞ்சினுக்குப் போகாது. நிறுத்தி வைத்த நேரத்தில் காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து உள்ளே வந்துவிடும், அதனால் நீ ஆறினதால்தான் ஓடுகிறது என்று நினைப்பாய்.

மூடியைத் தளர்த்தியும் ஓடவில்லையா? சூடு இறங்குவதற்குள் ப்ளக் ஒயரில் ஸ்பார்க் டெஸ்டர் (தீப்பொறி வருகிறதா என்று காட்டும் சின்னக் கருவி) மாட்டித் தீப்பொறி வருகிறதா பார். சூட்டில் மட்டும் தீப்பொறி விட்டுப்போனால் ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் மேல்தான் சந்தேகம். ஆறின பிறகு சோதித்தால் காயில் நல்லதாகவே காட்டும். நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

இது காற்றில் ஆறும் எஞ்சின். மழை பெய்த மறுநாள் ஈரப் புல்லை வெட்டினால் தூசும் புல்லும் மின்விசிறி உறைக்குள் அப்பிக்கொள்ளும், காற்று போகாமல் எஞ்சின் சூடேறிவிடும். உறையைக் கழற்றி, சிலிண்டர் பக்கத்துத் தகடுகளுக்கு நடுவே பிரஷ் போட்டுச் சுத்தம் செய். மேலே பார்த்தால் பளிச்சென்றுதான் இருக்கும், உறைக்குள் பாய் விரித்த மாதிரி புல் கிடக்கும்.

பெட்ரோலை மாதக்கணக்கில் தொட்டியில் வைக்காதே, பிசின் பிடித்துவிடும். கார்பரேட்டர் கிண்ணத்திலுள்ளதைக் கண்ணாடிப் புட்டியில் வடித்துப் பார். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லையென்றால் பயப்படாதே. நீ சீட்டில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும், பிரேக் மிதித்திருக்க வேண்டும், புல் வெட்டும் கத்தியைச் சுழலவிடும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். அதெல்லாம் சரியென்றால் பியூஸ், பேட்டரி இரண்டையும் பார். முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும். 12க்குக் கிட்ட வந்துவிட்டால் முதலில் சார்ஜ் போடு. 'டக்' சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி முனைகளைச் சுரண்டி இறுக்கு, ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான சோலனாய்டை அப்புறம் பார்க்கலாம்.

சீட் சுவிட்சை ஒயர் போட்டு ஏமாற்றலாம் என்று யாராவது சொல்லித் தருவார்கள். கேட்காதே. நீ சரிந்து விழுந்தால் கத்தியை நிறுத்தப் போவது அதுதான். கத்திப் பக்கம் கை வைக்கும் முன் சாவியை எடு, ப்ளக் ஒயரையும் கழற்று. இதில் மட்டும் எனக்கு உன்மேல் கோபம் வரும்படி நடக்காதே.

டெஸ்டர் இல்லையென்றால் சொல். என்னிடம் இரண்டு இருக்கிறது, கோலாலம்பூர் வருகிறவர் யாரிடமாவது ஒன்றைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பா