புது போன் வேண்டாம், பேட்டரி கொண்டு வா

பெருமாநல்லூர்
12.10.2025

அன்புள்ள கண்ணு,

போன வாரம் நீ பேசியபோது பக்கத்தில் ஓவர்லாக் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேச்சு காதில் விழவில்லை. "பொங்கலுக்கு வரும்போது உனக்குப் புது போன் வாங்கி வருகிறேன், அந்தப் பழையதை இனிமேல் விட்டுவிடு" என்று நீ சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. தீபாவளிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய பீஸ் மடி நிறையக் கிடந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. போனில் சொன்னால் நீ குறுக்கே பேசி என்னைச் சரி என்று சொல்ல வைத்துவிடுவாய். அதனால்தான் நோட்டில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாக இந்தப் போனிலேயே படம் எடுத்து அனுப்புகிறேன். இரவு விளக்கில் எடுத்தால் எழுத்து மங்கலாக விழுகிறது; நாளைக் காலை வாசலில் வெளிச்சம் வந்ததும் எடுக்கிறேன்.

கண்ணு, எனக்குப் புது போன் வேண்டாம்.

இப்போது கையில் இருக்கும் போன் என்னிடம் வந்த கதை உனக்கு நினைவிருக்கிறதா? 2021 ஐப்பசியில் இதற்கு முந்திய போனின் முதுகு உப்பிக்கொண்டது. கடைக்காரப் பையன் சூடு காட்டி, பசையை இளக்கி, நெம்பித் திறந்தான். வேறு பேட்டரி வைத்து ஒட்டிக் கொடுத்தான். ஒரு வாரத்தில் திரையில் பச்சைக் கோடு விழுந்தது. மறுபடி போனபோது, "அக்கா, இதைத் திறப்பதற்காகச் செய்யவில்லை" என்றான். பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. திறக்க வழி வைக்காத பொருளை அவன் என்ன செய்வான்?

அடுத்த தை மாதம் நீ ஊருக்கு வந்தாய். நெதர்லாந்தில் ஐந்தோவனில் படிக்கும்போது வாங்கிய இந்த ஃபேர்போன் 3-ஐ என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய். "இது நியாயமாகச் செய்த போன் அம்மா" என்றாய். அன்றைக்கு நான் அதை நம்பவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் பனியன் கம்பெனியில் பவர் டேபிள் தையல் மெஷினில் உட்கார்ந்தவள் நான். வெளிநாட்டு ஆர்டருக்கு ஆடிட் வருகிறது என்றால் எங்களுக்கு மூன்று நாள் முன்னால் தெரியும். கழிப்பறையில் சோப்பு வரும். குடிதண்ணீர் கேன் வரும். முதலுதவிப் பெட்டியில் மருந்து வரும். கட்டிங் மாஸ்டர் கையில் இரும்பு வலைக் கையுறை ஏறும். எவ்வளவு நேரம் வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிக் கொடுப்பார். ஆடிட்காரர் கார் கேட்டைத் தாண்டிய மறுநாள் சோப்பு இருக்காது. எல்லாக் கம்பெனியும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காக நடத்தியவர்களிடமும் வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் 'நியாயம்' என்று அட்டையில் அச்சடித்து வரும் எதையும் இரண்டு முறை புரட்டிப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்து வந்தது.

அட்டைப் பெட்டியைத் திறந்தபோதுதான் என் மனம் கொஞ்சம் மாறியது. உள்ளே ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் இருந்தது. சார்ஜர் இல்லை, ஸ்க்ரூடிரைவர் இருந்தது! வாங்குகிறவர் இதைத் திறப்பார் என்று எதிர்பார்த்து ஒருவர் அதை வைத்திருக்கிறார். தையல் மெஷின் வாங்கினால் கூடவே திருப்புளியும் எண்ணெய்க் குப்பியும் வருமே, அந்த மாதிரி. ஆம்ஸ்டர்டாமில் 2013-இல் தொடங்கிய கம்பெனி என்று பிறகு நீ சொன்னாய். முழுக்க நியாயமான போன் என்று ஒன்றை இன்றைக்குச் செய்ய முடியாது என்று அவர்களே சொல்கிறார்கள் என்றும் சொன்னாய். அந்தப் பேச்சுத்தான் எனக்குப் பிடித்தது. ஆடிட் அன்று எங்கள் கம்பெனியில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

காங்கோவில் மண்ணைத் தோண்டி எடுக்கும் வெள்ளீயம், டான்டலம், டங்ஸ்டன், தங்கம் இவற்றை வைத்து ஆயுதக் கூட்டங்கள் பணம் பண்ணுவதை எதிர்த்து 2010-இல் ஆரம்பித்த பிரச்சாரம்தான் பிறகு போன் கம்பெனி ஆனது என்றாய். சீனாவில் சூஜோ என்ற ஊரில் இதைப் பொருத்தியவர்களுக்கு, வாங்கும் சம்பளத்துக்கும் குடும்பம் நடத்தத் தேவைப்படும் தொகைக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்ப போனஸ் கொடுத்தார்கள் என்றாய். இதை நான் சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போகவில்லை. நீ இருக்கும் ஊர்க் கடையில் மூன்று யூரோ அட்டை தொங்கிய பனியனைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாயே, அதன் தோள் மூட்டு எந்த மெஷினில் அடித்தது என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. அடித்தவளுக்கு எத்தனை பைசா கிடைத்திருக்கும் என்று அன்றைக்கு இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கூட ஒரு ரூபாய் அவள் கைக்குப் போயிருந்தால் அந்த அட்டையில் எந்த எண்ணும் மாறியிருக்காது.

இன்னொன்றும் உண்டு. என் அப்பா, உன் அப்புச்சியின் தோட்டம் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே இருந்தது உனக்குத் தெரியும். 1992-இல் அணை கட்டி முடித்தபோது இனிமேல் தண்ணீருக்குக் கவலை இல்லை என்று கிடா வெட்டினார்கள். நொய்யலில் வந்து தேங்கியது திருப்பூர்ச் சாயத் தண்ணீர். கிணறு உப்பானது, தென்னை குரும்பை உதிர்த்தது, மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. துணி வராமல் எங்கள் கம்பெனியில் வாரக்கணக்கில் மெஷின் நின்றது. சம்பளம் இல்லை, உனக்குப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வளையலை அடகு வைத்தேன். அடகுக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது, உத்தரவு சரி என்று அப்புச்சியின் மகளாகவும், தப்பு என்று டைலராகவும் ஒரே நேரத்தில் நினைத்தேன். நாங்கள் தைத்த பனியனின் விலையில் அப்புச்சியின் கிணறு சேர்ந்திருக்கவில்லை. நீ காங்கோவைப் பற்றிப் பேசினால் எனக்கு அந்தக் கிணறுதான் கண்ணில் வருகிறது. அதனால்தான் ஒரு போன் போனால் இன்னொன்று என்று உன்னைப்போல் லேசாகச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. ஒரு போனால் வெளியாகும் கரியமில வாயுவில் பெரும்பங்கு அதைச் செய்யும்போதே முடிந்துவிடுகிறது, சார்ஜ் போடுவதில் இல்லை என்று சொன்னவனும் நீதான்.

சரி, இதோடு நான் வாழ்ந்த நாலு வருடத்தைச் சொல்கிறேன். எல்லாமே நல்லபடி இல்லை.

இந்த ஊரில் இதற்கு உறை கிடையாது. திரைக்கு ஒட்டும் கண்ணாடி கிடையாது. கடைகளில் பெயரே கேள்விப்பட்டதில்லை என்கிறார்கள். கட்டிங் வேஸ்ட் துணியில் இரண்டு மடிப்புப் போட்டு நானே பை தைத்துக்கொண்டேன். கனமான போன், ஜாக்கெட்டுக்குள் செருகினால் இழுக்கிறது. கல்யாண வீட்டில் ராத்திரி எடுத்த படத்தில் யார் மாப்பிள்ளை என்று தேட வேண்டும். நிறையச் செயலிகளைத் திறந்து வைத்தால் திணறுகிறது.

2023 வைகாசியில் கிணற்று மேட்டில் விழுந்து திரை உடைந்தது. நீ திரையும் பேட்டரியும் வாங்கி ஈரோட்டுப் பையன் ஒருவனிடம் கொடுத்தனுப்பினாய். வீடியோ காலில் நீ சொல்லச் சொல்ல, அப்பா தன் போனைப் பிடித்துக்கொள்ள, நான் கழற்றினேன். பின்மூடியை நகத்தால் நெம்பினால் போதும், பேட்டரி கையோடு வந்துவிடுகிறது. திரையைப் பிடித்திருந்தவை பதின்மூன்று ஸ்க்ரூ. ஒவ்வொன்றையும் இட்லித் தட்டின் குழியில் போட்டு வைத்தேன். மறுபடி மாட்டும்போது பன்னிரண்டுதான் இருந்தது. நீ அங்கிருந்து, "ஒன்று இல்லாவிட்டால் பரவாயில்லை அம்மா" என்றாய். எனக்கு மனம் ஒப்பவில்லை. கம்பெனியில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டையும் தேடிக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு பனியனுக்குள் போய்விட்டால் அங்கே ஒரு குழந்தையின் உடம்பில் குத்தும். அந்தப் பழக்கத்தில் ஊசி தேடும் காந்தத்தை எடுத்துப் பஞ்சுத் தூசியில் துழாவினேன். பாயின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. பதின்மூன்றாவதையும் முடுக்கி, பட்டனை அழுத்தி, திரையில் வெளிச்சம் வந்தபோது அப்பா கை தட்டினார். எத்தனையோ எரிந்த மோட்டாருக்குச் செம்புச் சுருள் கட்டி ஓட விட்டவர், எனக்குக் கை தட்டினார்!

போன வருடம் சார்ஜ் ஏறவில்லை. இந்த வீட்டில் காற்றிலேயே பஞ்சு. வயர் செருகும் ஓட்டையில் அது இறுகி, குத்தி எடுத்ததில் உள்ளே இருந்த நாக்கு ஆடிப்போனது. அந்த ஓட்டை இருக்கும் கீழ்ப்பக்கத் துண்டை, மாட்யூலை, மட்டும் மாற்றினால் போதும் என்றாய். ஆனால் அது வந்து சேர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அப்பாவின் போனில்தான் பேசினேன்.

அப்பா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "கோயம்புத்தூரில் எந்த மோட்டார் எரிந்தாலும் சாயந்திரத்துக்குள் செம்புக் கம்பி கிடைக்கும். திறக்க முடிகிறது சரி, உள்ளே வைக்கும் சாமானுக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும் என்றால் ஏழை எப்படி வைத்துக்கொள்வான்?" என்றார். நியாயம்தான். இந்தக் கம்பெனி நம் நாட்டில் விற்பதில்லை. நீ அங்கே இல்லாவிட்டால் உடைந்த திரையோடு இது பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல், விற்பனை நிறுத்திய பிறகும் ஏழு வருடம் போனுக்கு உதிரிபாகம் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது என்கிறாய். இங்கே 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கு என்று ஒன்றிய அரசு இணையதளம் தொடங்கியது. அது நல்ல காரியம். ஆனால் பெருமாநல்லூர்க் கடையில் பாகம் வந்து தொங்க வேண்டும், கண்ணு. அதுவரைக்கும் இது உன்னைப்போல் வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீட்டுக்கு மட்டும் ஆன போன். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

எல்லாக் காலத்துக்கும் இது ஓடும் என்றும் நான் நினைக்கவில்லை. ஃபேர்போன்காரர்களுடைய முதல் போனுக்கு 2017-இல் கை விரித்துவிட்டார்கள் என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. 2015-இல் வந்த இரண்டாவதுக்கு 2023 மார்ச் வரை மென்பொருள் கொடுத்தார்களாம். இதற்கும் ஒரு நாள் அது நிற்கும். நின்றால் வங்கி வேலையை அப்பாவின் போனுக்கு மாற்றிவிடுகிறேன். பணத்தில் விளையாட மாட்டேன். பேசவும், உன் முகம் பார்க்கவும், வேலை நேரத்தில் பாட்டுக் கேட்கவும் இது போதும். இப்போது வருகிற மாடல்களில் இயர்போன் வயர் செருகும் ஓட்டையை எடுத்துவிட்டார்கள் என்கிறாயே. திறந்து பழுது பார்க்கச் சொல்கிறவர்கள் அதை ஏன் எடுத்தார்கள்? நூறு ரூபாய் வயர் இயர்போன் எனக்குப் பழகிவிட்டது. காதில் தனியாகச் செருகுவது மெஷினுக்கு அடியில் விழுந்தால் யார் தேடுவது?

கடைசியாக ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இதை என் கையில் கொடுத்த பிறகு நீ எத்தனை போன் மாற்றிவிட்டாய்? நான் எண்ணிப் பார்த்தேன், மூன்று. காங்கோவையும் சூஜோவையும் எனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீ. வேலை மாறியது, கேமரா வேண்டியிருந்தது என்று காரணம் இருக்கும். உன் அவசரங்கள் எனக்குத் தெரியாது. ஆனால் நீ அன்றைக்குச் சொன்னதை நான் நம்பி, பதின்மூன்றாவது ஸ்க்ரூவைத் தேடி, நாலு வருடம் காப்பாற்றி வைத்திருக்கிறேன். நீயே அதை விட்டுவிடு என்று சொன்னபோது மனதுக்கு என்னவோ போல் இருந்தது.

அதனால் பட்டிப் பொங்கலுக்கு வரும்போது இவற்றை மட்டும் கொண்டு வா. பேட்டரி ஒன்று, இப்போது இருப்பது மத்தியானச் சாப்பாட்டுக்குள் காலியாகிறது. கீழ்ப்பக்க மாட்யூல் ஒன்று கூடுதலாக, பஞ்சு நிற்கப் போவதில்லை. ஸ்க்ரூடிரைவர் முனை மழுங்கிவிட்டது, அதுவும் ஒன்று. தனிப் பேட்டரியைப் பெரிய பெட்டியில் போட விமானத்தில் விட மாட்டார்கள், கைப்பையில் வை. பழைய பாகங்களை எல்லாம் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். திரும்பிப் போகும்போது உடைந்த திரையையும் மாட்யூலையும் எடுத்துப்போய் அங்கே கொடுத்துவிடு.

நீ வந்த அன்று சந்தகை பிழிகிறேன். சாப்பிட்டதும் இட்லித் தட்டை எடுத்து வைக்கிறேன். இதுவரை நீ அங்கிருந்து சொல்லிக்கொண்டுதான் இருந்தாய், ஒரு முறைகூட இதைத் திறந்ததில்லை. இந்த முறை நீ கழற்று, நான் விளக்குப் பிடிக்கிறேன்.

அன்புடன்,
அம்மா