பெரியப்பாவைப் பற்றி உனக்கு

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள மாப்ள,

உன் வாட்ஸ்அப் பார்த்தேன். பெரியப்பா எப்படிப் போனார், யாருமே விவரமாகச் சொல்லவில்லையே என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிடும், அதனால் எழுதுகிறேன். சர்க்கரை ரொம்ப வருஷமாக இருந்தது உனக்கே தெரியும். கடைசியில் சிறுநீரகம் கெட்டுப்போய் ஜிப்மருக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தோம், அப்புறம் ஒருநாள் விடியற்காலையில் வீட்டிலேயே, பெரியம்மா பக்கத்தில் இருக்கும்போதே போய்விட்டார். கருமாதி குறையில்லாமல் முடிந்தது. நீ குவைத்திலிருந்து வர முடியாததை யாரும் தப்பாக நினைக்கவில்லை, அதையே நினைத்து மருகாதே.

சாவுக்கு வந்தவர்கள் பேசிய ஒரு பேச்சுதான் இன்னும் உறுத்துகிறது. "பாவம், லாரி ஓட்டியே பாதி ஆயுசு ரோட்டுல போயிடுச்சி, குடும்பத்தை எங்க பார்த்தாரு மனுசன்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். துக்க வீட்டில் எதிர்த்துப் பேச முடியவில்லை, வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஆனால் அது உண்மை இல்லை மாப்ள. தினமும் வீட்டில் படுத்து எழுந்த எங்கள் அப்பா, சித்தப்பா எல்லோரையும்விட குடும்பத்தை நெருக்கமாகப் பார்த்தவர் அவர்தான்.

செல்போன் இல்லாத காலத்தில் எப்படி வீட்டை நடத்தினார் என்று யோசித்துப் பார். சேலத்திலோ கிருஷ்ணகிரியிலோ லாரியை நிறுத்தினால் பண்ருட்டிப் பக்கம் திரும்புகிற வண்டி எது என்று விசாரித்து, அந்த டிரைவர் கையில் ஒரு மஞ்சப்பை கொடுத்துவிடுவார். அது நம் ஊர் முக்குட்டு டீக்கடையில் இறங்கிவிடும். பைக்குள் சின்னக்காவுக்கு இழுப்பு மாத்திரை இருக்கும், ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். அந்தச் சீட்டு ஒன்றைப் பெரியம்மா இன்னும் வைத்திருக்கிறார், இந்த வாரம்தான் எடுத்துக் காட்டினார். சிகரெட் அட்டையைப் பிரித்து உள்பக்கத்தில் எழுதியது. "மேற்குப் பலாவில் பிஞ்சு அதிகம், கலைத்துவிடச் சொல். பெரியவள் பரீட்சை வெள்ளிக்கிழமை, சீக்கிரம் படுக்கச் சொல். கறவைக்குப் பிண்ணாக்கு தீர்ந்திருக்கும்." எந்த மரத்தில் எவ்வளவு பிஞ்சு என்று தார்வாட்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது! வீட்டைப் பார்க்காதவராம்.

பலா சீசனில் நாம் லோடு ஏற்றுவதை வேடிக்கை பார்க்கப் போவோமே, அது இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. வண்டித் தளத்தில் வைக்கோலை மெத்தென்று பரப்பி, ஒவ்வொரு பழத்தையும் அவரே விரல் கணுவால் தட்டிப் பார்ப்பார். டங் டங் என்று கெட்டியாகக் கேட்டால் பம்பாய்க்கு, சத்தம் மந்தமாக அமுங்கிக் கேட்டால் கோயம்பேட்டுக்கு. பழுக்க ஆரம்பித்த ஒரு பழம் உள்ளே போய்விட்டால் பம்பாய் வாஷி மண்டி போய்ச் சேருவதற்குள் வெடித்துப் பக்கத்துப் பழங்களையும் கெடுத்துவிடும் என்பார். ஏஜெண்டு "நீ டிரைவர்தானே, உனக்கென்ன" என்று கத்தினாலும் இறக்கி வைத்துவிட்டுத்தான் தார்ப்பாய் கட்டுவார். அதே பிடிவாதம்தான் ராத்திரி ஓட்டத்திலும். இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எந்த அவசரமாக இருந்தாலும் ஓரங்கட்டிவிடுவார். லேட் என்று பேட்டாவில் பிடித்த முதலாளியும் உண்டு, பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். "வீட்டுல நாலு பேர் எனக்காக முழிச்சிருக்காங்க, நான் கண்ணை மூடிக்கிட்டு ஓட்டவா?" என்று கேட்டது நம் இருவருக்கும் முன்னால்தான், ஞாபகம் இருக்கிறதா?

தானே புயல் சமயம் நீ ஊரில் இல்லை. 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் நமக்கும் நடுவில் கரை ஏறியது, மணிக்கு 140 கிலோமீட்டர் காற்று. அவர் சேலம் தாண்டி நின்றிருந்தார். செய்தி கேட்டதும் வண்டியைத் திருப்பி, மெழுகுவர்த்தி, தண்ணீர் கேன், அரிசி என்று கையில் இருந்த காசுக்கெல்லாம் வாங்கி ஏற்றிக்கொண்டு வந்தார். மரங்கள் சாய்ந்து ரோடு அடைத்துக் கிடந்ததால் வண்டியை வெளியிலேயே விட்டுவிட்டுத் தார்ப்பாயையும் கயிற்றையும் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்து சேர்ந்தார். கூரை போன மூன்று வீடுகளுக்கு அந்தத் தார்ப்பாயை அறுத்துப் பங்கு போட்டுக் கட்டினார். முதலாளியின் தார்ப்பாய், அதற்கான பணத்தைப் பின்னால் மாசாமாசம் சம்பளத்தில் கழித்தார்கள். அதெல்லாம் முடிந்த பிறகுதான் கொல்லைப் பக்கம் போனார். முந்திரி, பலா ஒன்றுகூட நிற்கவில்லை. அந்த வருஷத்தோடு ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, மரத்துக் குத்தகைப் பணத்தில் பெரியக்கா கல்யாணத்தை முடிப்பதாக இருந்தவர். அன்று அவர் அழுததை நான் பார்த்தேன், அது ஒரு தடவைதான். பொங்கல் கழிந்ததும் கொல்லம் லைனில் முந்திரிக்கொட்டை லோடு ஏற்றப் போய்விட்டார்.

முதுகு வலியோடு ஓடிய வருஷங்கள் அவை. கேரள எல்லையில் ஆரியங்காவு செக்போஸ்ட்டில் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வரிசையில் நிற்பாராம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் செக்போஸ்ட்டுகளை எடுத்தபோது, "இனிமே ஒரு பொழுது முன்னாடியே வீட்டுக்கு வரலாம்" என்று போன் பண்ணி எல்லோரிடமும் சொன்னார். இடையில் இரண்டு அக்காக்களுக்கும் கல்யாணம் முடித்தார், விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வி.ஆர்.ஐ. 3 ரக முந்திரி ஒட்டுக் கன்றுகள் கொண்டுவந்து கொல்லையைத் திரும்ப எடுத்தார். லீவு நாளில் தானே குடம் தூக்கித் தண்ணீர் ஊற்றினார். அந்த மரங்களின் காய்ப்பைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறார், அதில் எனக்கு ஒரு நிம்மதி.

தம்பி நெய்வேலியில் ஒப்பந்த வேலையில் இருக்கிறான். அவனைப் பெரியப்பா ஒரு நாளும் ஸ்டியரிங் பிடிக்க விட்டதில்லை. தொழில் கேவலம் என்று அல்ல, டிரைவர் என்றதும் பெண் கொடுக்க யோசித்த உறவுக்காரர்களிடம் அவர் பட்டது போதும் என்றுதான்.

சரி, ஒரு உதவி. ஆயுத பூஜை அன்று வண்டிக்கு முன்னால் அவரும் நீயும் நானும் நின்று உன் மாமா கேமராவில் எடுத்த போட்டோ உன்னிடம்தான் இருக்க வேண்டும். அவர் சிரித்திருக்கிற படம் எங்களிடம் வேறு இல்லை, லைசென்ஸ் போட்டோவைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறோம். தேடி அனுப்பு. தைப்பூசத்துக்கு லீவு கிடைத்தால் வா, ஜோதி பார்க்க வடலூருக்குப் பெரியம்மாவை அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்