உறுமல் பற்றி மச்சானுக்கு

தலவாக்கலை
ஞாயிறு மாலை

அன்புள்ள மச்சான்,

நலம். நீயும் நலம் என்பதை உன் கடிதத்தின் புலம்பல்களிலிருந்தே அறிந்துகொண்டேன். டோஹா வெயிலைப் பற்றி நீ எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். “இங்கே வந்து ஒரு கிழமை இந்த மழையில் கிடந்து பார்க்கச் சொல்” என்றார். நெட்டையனுக்கு இரண்டாவதும் பெண் பிள்ளை. கணக்கு வாத்தியார் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனாலும் சந்தையில் கண்டால் பதின்மூன்றாம் வாய்ப்பாடு கேட்பதை விடவில்லை. ஊர்ச் செய்தி இவ்வளவுதான். இனிச் சண்டைக்கு வருகிறேன்.

உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில், நம் சுவீடன் மெட்டல் குழு ஓபெத் மறுபடியும் அந்த டெத் மெட்டல் தொண்டையில் உறுமிப் பாடத் தொடங்கியது வெறும் வியாபாரத்துக்காக என்றும், புதிய தொகுப்பை முதல் பாட்டோடு நிறுத்திவிட்டேன் என்றும் எழுதியிருந்தாய். இத்தனை நாள் பேனாவைத் தொடாமல் கிடந்த என்னை எழுத வைத்தது அந்த வரிதான். 2011இல் அவர்களுடைய ‘ஹெரிட்டேஜ்’ தொகுப்பு வந்தபோது, உறுமல் இல்லாத ஓபெத் உப்பில்லாத ரொட்டி என்று பஸ் நிலையத்தில் நின்று ஊர் கேட்க முழங்கியவன் நீ. 2008இல் வந்த ‘வாட்டர்ஷெட்’டுக்குப் பிறகு நான்கு தொகுப்புகளை அந்த ஒரே காரணத்துக்காகத் தள்ளி வைத்தவனும் நீ. இப்போது, 16 வருடம் கழித்து, 2024 நவம்பரில் ‘தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்’டில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தால், கடைக்காரனின் நோக்கம் சரியில்லை என்கிறாய். உன்னைத் திருப்திப்படுத்தச் சுவீடன் முழுவதிலும் ஆள் கிடையாது, மச்சான்.

முதலில் ‘ஹெரிட்டேஜ்’ கணக்கைத் தீர்த்துவிடுகிறேன், ஏனென்றால் உன் கோபம் அங்கேதான் தொடங்கியது. அன்று நீ பாட்டுகளைக் கேட்டாயே தவிர, அட்டையைப் பார்க்கவில்லை. ட்ராவிஸ் ஸ்மித் 1999ஆம் ஆண்டின் ‘ஸ்டில் லைஃப்’ தொடக்கம் அவர்களுக்கு அட்டை வரைந்து வருகிறார் என்பது உனக்குத் தெரியும். ஆனால் அதுவரை அவருடைய அட்டைகள் எல்லாம் இருட்டும் மூட்டமுமாகத்தான் இருந்தன. ‘ஹெரிட்டேஜ்’ அட்டையிலோ திடீரென்று நாட்காட்டிப் படம் போலப் பளிச்சென்ற வண்ணத்தில் ஒரு மரம். அந்த மரத்தில் பழங்களாகக் காய்த்துத் தொங்குபவை குழுவினரின் முகங்கள். ஒரு முகம் மட்டும் கிளையை விட்டுக் கீழே விழுந்துகொண்டிருக்கிறது. அது அந்த வருடம் குழுவை விட்டு விலகிய கீபோர்ட் கலைஞர் பெர் வீபெர்க்கின் முகம். அடியில் கிடக்கும் மண்டையோடுகள் முன்னரே விலகிப் போனவர்கள். வேர்களைப் பின்தொடர்ந்து போனால் அவை மண்ணைத் துளைத்துக்கொண்டு நரகம் வரைக்கும் இறங்குகின்றன, அதாவது அவர்களுடைய பழைய டெத் மெட்டல் காலத்துக்கு. உறுமலை வெட்டி எறிந்துவிட்டார்கள் என்று நீ கத்திக்கொண்டிருந்த நேரத்தில், அது வேரிலே இருக்கிறது என்று அந்த மனிதர் படமே வரைந்து கையில் கொடுத்திருந்தார். வேர் வெளியே தெரியவில்லை என்பதற்காக மரத்தோடு கோபித்துக்கொண்டவனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நமக்கு அட்டை பார்க்கும் பழக்கமே கோணலாகத்தான் வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கண்டியில் பதிந்து வாங்கிய, ஓபெத்தின் ‘பிளாக்வாட்டர் பார்க்’ இறுவட்டுக்கு அந்தக் கடைக்காரப் பையன் போட்டோப் பிரதி எடுத்துச் செருகிக் கொடுத்த அட்டை உனக்கு நினைவிருக்கும். மூலமே சாம்பல் நிறம் என்பதால் பெரிய நட்டமில்லை என்று நினைத்தோம். இலையில்லாத மரங்களும் புகாரும் பார்க்க நம் பைன் காட்டு விடியற்காலை மாதிரியே இருந்தன. ஆனால் பல வருடங்கள் கழித்து உண்மையான அட்டையைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான், அந்த மரங்களுக்கிடையில் மனித உருவங்கள் நிற்பதைக் கண்டேன். போட்டோப் பிரதி அவர்களை விழுங்கியிருந்தது. அதுவரை ஆளில்லாத காடு என்று எண்ணிக் கேட்டு வந்த பாட்டுகளுக்குள், யாரோ நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்போடு அன்றிரவு மறுபடி நுழைந்தேன். அமைதியான கிட்டார்ப் பகுதிகள்கூடப் பயமுறுத்தின. இப்போதைய பிள்ளைகள் இதையெல்லாம் கைப்பேசியில் முத்திரை அளவில் பார்த்துவிட்டு விரலால் தள்ளிவிடுகிறார்கள். தம்பியிடம் ‘ஹெரிட்டேஜ்’ மரத்தைக் காட்டி விழும் முகத்தைத் தேடச் சொன்னேன். பெரிதாக்கிப் பார்த்தான், முகம் கட்டம் கட்டமாக உடைந்தது, அவனுக்குப் பொறுமையும் உடைந்தது.

சரி, உன் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். வியாபாரத்துக்காக உறுமுகிறவன் எட்டுப் பாட்டில் ஏழுக்குப் பெயரே வைக்காமல் விடுவானா? சட்டப் பத்திரங்களில் பிரிவைக் குறிக்கும் அந்தச் சுருள் அடையாளத்தையும் ஓர் எண்ணையும் மட்டும் போட்டு, ஒன்றாம் பிரிவு முதல் ஏழாம் பிரிவு வரை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏனென்றால் அது ஓர் உயில். முதலாம் உலகப் போருக்குப் பிந்திய காலம். பெரிய செல்வந்தர் ஒருவர் இறந்துவிட்டார். பிள்ளைகள் கூடியிருக்க உயில் வாசிக்கப்படுகிறது. பிரிவுக்குப் பிரிவு குடும்பத்தின் இரகசியங்கள் அவிழ்கின்றன. ஜெத்ரோ டல் என்ற ஆங்கில ராக் குழுவின் இயன் அண்டர்சன் வந்து, தமக்கே உரிய அந்தத் துரைத்தனமான உச்சரிப்பில் உயிலின் பகுதிகளைப் பேசுகிறார்; நான்காம் பிரிவில் புல்லாங்குழலும் வாசிக்கிறார். ஓபெத்தின் பாடகர் ஓகர்ஃபெல்ட்டின் சொந்த மகளின் குரலும் முதற்பிரிவில் இருக்கிறது, நீ கேட்ட அந்த ஒரே பாட்டில்; கவனித்திருக்க மாட்டாய். இவ்வளவுக்கும் நடுவில் உறுமல் எங்கே வருகிறது என்று கேட்டுப் பார். செத்துப்போன அந்த மனிதனின் ஆங்காரம் வாய் திறக்கும் இடங்களில்தான் அது வருகிறது. பழைய தொகுப்புகளில் உறுமல் ஒரு நிறம்; இங்கே அது ஒரு பாத்திரம். அதனால்தான் அது திரும்பியது என்பது என் கட்சி. அந்தக் கிழவனை அழகான குரலில் பாட வைத்திருந்தால் கதை கெட்டிருக்கும்.

உனக்கு இது புரியாமல் போவதுதான் எனக்கு ஆச்சரியம், ஏனென்றால் நீயும் நானும் மாசி மாதத்துக் காமன் கூத்துக்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு விடிய விடியக் குந்தியிருந்தவர்கள். பெரியப்பா யமன் வேடம் கட்டி வரும்போது நீ என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்ததை மறந்திருக்க மாட்டாய். ரதியும் மதனும் பாட்டிலே பேசுவார்கள். தப்புப் பறை அதற்கேற்ற அடியில் போகும். யமன் வரும்போது அடி மாறும், குரலும் மாறும், அந்தக் குரலில் சொல் பாதிதான் விளங்கும், விளங்க வேண்டிய தேவையும் இல்லை. மறுநாள் காலை, தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் அதே பெரியப்பா, கங்காணிக்குக்கூடக் கேட்காத மெல்லிய குரலில் பேர் சொல்லிவிட்டு மலைக்குப் போவார். ஓகர்ஃபெல்ட் மேடையில் பாட்டுக்குப் பாட்டு நடுவே பேசும் பதிவுகளைப் பார்த்திருக்கிறாய்: மெதுவான குரலில், முகத்தில் அசைவில்லாமல் பகிடி விடுகிற மனிதன், அடுத்த கணம் அந்தத் தொண்டையைத் திறக்கிறான். வேடம் கட்டுவதென்றால் இதுதான். இதை வியாபாரம் என்று சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது?

பெரியப்பா தவறிய செய்தி உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. எழுதவும் கூச்சமாக இருக்கிறது. காரியம் முடிந்த கையோடு அண்ணன்மார் இருவரும் தோட்டத்து லயத்தில் அவர் இருந்த அந்தக் காம்பராவுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டார்கள். தோட்டத்தில் பெயர் பதிந்திருப்பவன் சின்னவன். கூரைத் தகரம் மாற்றியதும் முன்னால் குசினி இறக்கியதும் பெரியவன் அனுப்பிய பணம். இருவரும் அடித்துக்கொள்ளும் அந்தக் காம்பரா இருவருக்கும் சொந்தமில்லை, பெரியப்பாவுக்கும் சொந்தமாக இருந்ததில்லை. தகரப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருந்தவை அவருடைய பிரஜாவுரிமைச் சான்றிதழ், சேமலாப நிதிக் கடதாசிகள், யமனுக்குக் கட்டும் சலங்கை. 1948இல் குடியுரிமையே பறிபோய், ஏழு பேர்ச் நிலத்துக்கு உறுதி வாங்குவதற்கே இன்றைக்கும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கும் நம் தோட்டத்துச் சனத்திடம் வாசிக்க என்ன உயில் இருக்கிறது? அன்றிரவு காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தத் தொகுப்பை முதலிலிருந்து கேட்டேன். செத்த பிறகும் ஒரு மனிதன் பிரிவு பிரிவாகத் தன் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருக்கிறான், அவர்கள் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதற்குக்கூட முதலில் சொத்து வேண்டும் என்று தோன்றியது. பெரியப்பா யமனாக அத்தனை வருடம் உறுமியவர், சொந்தக் காரியத்துக்கு ஒரு முறைகூடக் குரலை உயர்த்தாமல் போய்விட்டார்.

போதும், இதற்கு மேல் எழுதினால் நீ உடனே தொலைபேசியில் அழைப்பாய், அம்மா அழுவார்.

இசையைப் பற்றி இன்னும் இரண்டொன்று. 2022இல் சேர்ந்த ஃபின்லாந்துக்கார டிரம் கலைஞருக்கு இதுதான் அவர்களோடு முதல் தொகுப்பு, ஆனால் பயல் புது ஆள் மாதிரி வாசிக்கவில்லை. ஒரு தாளத்தில் உன்னை உட்கார வைத்துவிட்டு, நீ தலையாட்டத் தொடங்கியதும் அதை உருவி எடுத்துவிடுகிறான். மழை காலத்தில் இதைத் தகரக் கூரைக்குக் கீழே ஸ்பீக்கரில் கேட்க முயலாதே என்று எழுத வந்தேன். உனக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே ஆடியில், உறுமலே இல்லாத அவர்களுடைய மெல்லிய தொகுப்பு ‘டாம்னேஷன்’ முழுவதும் மழைக்குள் கரைந்து போகிறது, உறுமல் மட்டும்தான் கூரையைத் தாண்டிக் கேட்கிறது. பக்கத்துக் காம்பராக்காரர் சுவரில் தட்டுவதும் அதற்குத்தான்.

நீ அனுப்பிய, ‘சோர்சரஸ்’ தொகுப்பின் அட்டைப் படம் போட்ட சட்டையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதிலிருந்த மயிலைப் பார்த்ததும் அம்மாவுக்கு மிகுந்த சந்தோசம். முருகனுக்குரியது என்று சொல்லித் தேர்த் திருவிழாவுக்கு என்னை அதையே போட வைத்தார். மயில் ஏறி நிற்பது மண்டையோட்டுக் குவியல் மேல் என்பதைப் பூசாரி விபூதி பூசும்போது கண்டுபிடித்தார். இப்போது அந்தச் சட்டை கொடியில் உட்புறம் வெளியே திருப்பித்தான் காய்கிறது.

நீ செய்ய வேண்டியது இதுதான். எட்டுப் பாட்டையும் வரிசையாக, இடையில் எழும்பாமல், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேள். மொத்தமே ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவு. எட்டாவதற்கு மட்டும் பெயர் இருக்கிறது, அதில் உறுமலே இல்லை, உயிலுக்குப் பிறகு வந்து சேரும் ஒரு கடிதம் அது. என்ன கடிதம் என்று சொல்லமாட்டேன். சொன்னால் கேட்காமலே கேட்டதாக எழுதுவாய். அந்தக் கடைசிப் பாட்டு முந்திய ஏழையும் கவிழ்த்துவிடுகிறது என்பது என் எண்ணம், அது தேவையில்லை, ஏழோடு நிறுத்தியிருக்கலாம் என்பது நெட்டையனின் எண்ணம். நீ எந்தப் பக்கம் என்று எழுது. சித்திரைக்கு வரும்போது அங்கே கடையில் கிடைத்தால் இசைத்தட்டாகவே வாங்கி வா. வாசிக்க என்னிடம் பெட்டி இல்லை என்று சிரிக்காதே, எனக்கு வேண்டியது அந்தப் பெரிய அட்டை. பணத்தை நெட்டையனிடம் கொடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்